பழைய தலைக்கவசமும் புதிய பூச்சும்



"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தலைப்பாகை போனாற் போகட்டும், தலை தப்பியதே என்னும் நிம்மதிப் பெருமூச்சு அப்பழமொழியிலே கேட்கின்றது. ஆனால், ஒருமுறை தலையைக் காத்த அத்தலைப்பாகையைத் தூசு தட்டி, கிழிசலைத் தைத்து, சாயமும் தோய்த்து மீண்டும் அணியலாமா? அணிந்தால் அது மறுமுறையும் தலையைக் காக்குமா? அன்றி, பட்ட அடியின் வடுவோடு அதனைப் பேழையில் வைத்துப் பேணுவதுதான் முறையா? அமெரிக்க நாட்டிலே ஒரு விளையாட்டின் தலைக்கவசத்தைக் குறித்து இவ்வினாக்கள் யாவும் ஆண்டுதோறும் எழுகின்றன. அவற்றுக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் அவ்விளையாட்டு யாதெனத் தெளிவோம். உதைபந்தாட்டம் என்றதும் உருண்டைப் பந்தைக் காலால் உதைத்தாடும் ஆட்டமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்கர் அதனைச் 'சொக்கர்' என்பர். அவர்கள் உதைபந்தாட்டம் என்று பெயரிட்டு ஆடுவது, நாம் அறிந்த றக்பி ஆட்டத்துக்கு நெருங்கிய உறவுடைய வேறோர் ஆட்டம். முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஒருவர் ஓடுவார். எதிரணியினர் உடலால் மோதி அவரை வீழ்த்துவர். ஒரே ஆட்டத்தில் ஒரு வீரரின் தலை பலமுறை மோதுண்ணும். ஆகவேதான் அவ்வாட்டத்தில் தலைக்கவசம் இன்றியமையாததாயிற்று.

இற்றைக்கு நூறாண்டுகளுக்கு முன்னர் அக்கவசம் தோலால் ஆனது. 1939ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த றிடெல் நிறுவனத்தார் பிளாஸ்டிக் கவசத்தை வெளியிட்டனர். தொழில்முறை வீரர் ஆடும் தேசிய உதைபந்தாட்ட லீக் 1943இல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தொடக்க காலத்துப் பிளாஸ்டிக் எளிதில் உடைந்தமையால், அதே லீக் 1948இல் பிளாஸ்டிக் கவசத்தைத் தடை செய்து, மறு ஆண்டிலே அத்தடையை நீக்கியது.

எனினும், கவசம் அணிந்தவர் யாவரும் காக்கப்பட்டனர் அல்லர். 1968ஆம் ஆண்டில் மாத்திரம், ஆட்டத்தில் நேரே ஏற்பட்ட காயங்களால் அமெரிக்காவில் 36 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பாடசாலை மாணவர். இத்துயரம் நாட்டையே உலுக்கிற்று. 1969ஆம் ஆண்டில் விளையாட்டு உபகரணங்களின் தராதரங்களை வகுப்பதற்கென ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. 'நொக்சி' எனச் சுருங்க வழங்கும் அக்குழு, 1973இல் உதைபந்தாட்டத் தலைக்கவசத்துக்கான முதலாவது தராதரத்தை வெளியிட்டது. கல்லூரி அணிகள் 1978ஆம் ஆண்டிலும், உயர்தரப் பாடசாலை அணிகள் 1980ஆம் ஆண்டிலும் அத்தராதரத்துக்கு அமைந்த கவசங்களையே அணிதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. இதற்கிடையில், தலையை முன்னிறுத்தி எதிராளியை மோதுவதைத் தடுக்கும் ஆட்ட விதி 1976இல் வந்தது. 1990ஆம் ஆண்டிலே அத்தகைய நேரடி மரணம் ஒன்றேனும் நிகழவில்லை. கவசத்தின் தராதரமும் ஆட்டத்தின் விதியும் கூடிச் செய்த நன்மை இது.

நேயர்களே, கவசம் தலையை எவ்வாறு காக்கின்றது? அதற்கு இரண்டு உறுப்புகள் உண்டு. வெளியே கடினமான ஓடு, உள்ளே மெத்தை. ஓரிடத்தில் விழும் அடியை ஓடு பரந்த இடத்துக்குப் பகிர்ந்தளிக்கின்றது. மெத்தையோ அமுங்கி, தலையின் வேகம் திடீரென அறுபடாமற் சற்றே நேரங்கொடுத்துத் தணிக்கின்றது. கிரிக்கெட் ஆட்டத்தில் விரைந்து வரும் பந்தைப் பிடிப்பவர் தம் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மெத்தை செய்யும் வேலையும் அதுவே.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று. நம் வீதிகளிலே மோட்டார் சைக்கிளோட்டிகள் அணியும் கவசத்தினுள் இருப்பது, பெரிய அடி விழுந்ததும் நசுங்கிவிடும் விறைப்பான நுரைப்பொருள். ஒருமுறை நசுங்கினால் அது மீள்வதில்லை. ஆகையால் விபத்திற் சிக்கிய கவசத்தை மறுபடி அணிதல் ஆகாது என்பர். உதைபந்தாட்டக் கவசத்தின் மெத்தையோ அமுங்கியபின் மீண்டும் எழும்பும் இயல்புடையது. பல அடிகளைத் தாங்குவதற்கென்றே ஆக்கப்பட்டது. அதனாலேதான் அதனைப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்த இயலுகின்றது.

இனி, புதுப்பிக்கும் தொழிலைப் பார்ப்போம். ஆட்டப் பருவம் முடிந்ததும் பாடசாலைகளும் கல்லூரிகளும் தம் கவசங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, அதற்கென உள்ள தொழிற்சாலைகளுக்கு அனுப்பிவைக்கின்றன. அங்கே முகத்தைக் காக்கும் கம்பிக்கூடு, நாடிப்பட்டி, திருகாணிகள், உள்மெத்தைகள் யாவும் கழற்றப்படுகின்றன. ஓட்டை ஒளியிற் பிடித்து, வெடிப்பு உண்டா என்று துளை துளையாகத் தேடுகின்றனர். சிறு வெடிப்புக் கண்டாலும் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். தப்பிய ஓட்டைக் கழுவி, கிருமி நீக்கி, கீறல்களைத் தேய்த்து, தேவையாயின் அவ்வோட்டுக்கென ஏற்றுக்கொள்ளப்பட்ட பூச்சைப் பூசுகின்றனர். சோர்ந்த மெத்தைகளும், காற்றுப் போன காற்றணைகளும், துருப்பிடித்த திருகாணிகளும் மாற்றப்படுகின்றன.

வேலை இத்தோடு முடிவதில்லை. புதுப்பித்த கவசங்களிலிருந்து சிலவற்றை மாதிரிக்கு எடுத்து, மனிதத் தலையின் வடிவில் அமைந்த ஒரு கருவிக்கு அணிவித்து, 5 அடி உயரம் வரை தூக்கி, இறப்பர்த் தளத்தின்மீது விழவிடுகின்றனர். தலையினுட் பொருத்திய கருவிகள் அதிர்வின் கடுமையை அளக்கின்றன. அக்கடுமையைக் குறிக்கும் சுட்டெண் 1200ஐத் தாண்டலாகாது என்பது நொக்சியின் விதி. இச்சோதனையில் தேறினாற்றான், புதுப்பித்தவர் பெயரும் ஆண்டும் பொறித்த துண்டு கவசத்தினுள்ளே ஒட்டப்படும். அச்சிறு துண்டே அக்கவசத்தின் நற்சான்றிதழ்.

இவ்வாறு முறையாகப் புதுப்பித்த கவசம் பாதுகாப்பானதா? ஆம், பாதுகாப்பானதே. பருவம் முழுவதும் மோதுண்டு, திருகாணி தளர்ந்து, காற்றணை சோர்ந்து, வெடிப்புண்டோ இல்லையோ என்று எவரும் பாராத கவசத்தை அப்படியே அடுத்த மாணவன் தலையில் வைப்பதனிலும், இது எத்துணையோ மேலானது. வசதி குறைந்த பாடசாலைகளுக்குப் பெரும் பொருளுதவியும் ஆகும்.

ஆனால், புதுப்பித்தலுக்கு எல்லைகள் உண்டு. அவை மூன்று.

முதலாவது எல்லை வயது. ஓடு பிளாஸ்டிக். வெயிலும் வெப்பமும் வியர்வையும் ஓயாத மோதலும் அதனை நாளடைவில் நலியச் செய்யும். மெத்தையை மாற்றலாம், ஓட்டின் வயதை மாற்றவியலாது. ஆகவே, அமெரிக்காவின் விளையாட்டு உபகரணங்களைப் புதுப்பிப்போர் சங்கத்தினர், பத்தாண்டு நிறைந்த கவசங்களை இனிப் புதுப்பிப்பதில்லை என 2011ஆம் ஆண்டில் முடிவு செய்தனர். தம் கைக்கு வரும் தொழிலையே குறைத்துக்கொள்ளும் முடிவு அது.

இரண்டாவது எல்லை வடிவமைப்பு. புதுப்பித்தல் ஒரு கவசத்தை அது பிறந்த நாளில் இருந்த நிலைக்கு மீட்கலாம். அதனினும் மேலானதாக ஆக்காது. வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகத்தினர் 2011ஆம் ஆண்டு முதல் கவசங்களைச் சோதித்து, ஐந்து நட்சத்திரம் வரை தரமிட்டு வெளியிடுகின்றனர். தொழில்முறை வீரர் பலர் நெடுங்காலம் விரும்பி அணிந்த றிடெல் நிறுவனத்தின் 'வீ.எஸ்.ஆர். 4' என்னும் மாதிரிக்கு முதலாவது பட்டியலிற் கிடைத்தது ஒரேயொரு நட்சத்திரம். அத்தகைய பழைய மாதிரியை எத்துணை அழகாகச் செப்பனிடினும் அது பழைய மாதிரியே.

மூன்றாவது எல்லை எல்லாக் கவசங்களுக்கும் பொதுவானது. மண்டையோடு பிளவாமலும், மூளையிற் குருதி கசியாமலும் காப்பதற்கே கவசம் முதலில் வகுக்கப்பட்டது. தலை திடீரெனத் திரும்பும்போதும் நிற்கும்போதும் மண்டையினுள்ளே மூளை குலுங்குவதை அது குறைக்கலாம், முற்றாகத் தடுக்கவியலாது. எந்தக் கவசமும் எல்லாக் காயத்தையும் தடுக்காது என்னும் எச்சரிக்கை கவசத்திலேயே ஒட்டப்பட்டிருக்கின்றது. புதிதாயினும் புதுப்பித்ததாயினும் இதுவே உண்மை.

இதுவரை கூறியது முறையான தொழிலாளர் செய்யும் புதுப்பித்தலைப் பற்றியது. வீட்டு முற்றத்திலே கடைப்பூச்சும் தூரிகையும் கொண்டு செய்யப்படும் புதுப்பித்தல் வேறு. பெரியோர் அணியும் கவசங்களின் ஓடு பெரும்பாலும் 'பொலிகாபனேற்று' என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அடிக்கு அஞ்சாத அப்பிளாஸ்டிக், சில கரைப்பான்களுக்கு அஞ்சும். பொருந்தாத நிறப்பூச்சு, தின்னர், பெற்றோல், சிலவகைப் பசை ஆகியன அதன்மீது பட்டால், கண்ணுக்குப் புலப்படாத நுண்வெடிப்புகள் தோன்றக்கூடும். திருகாணித் துளைகளைச் சுற்றி, ஏற்கனவே இறுக்கம் உள்ள இடங்களிலே இவ்வாபத்து மிகுதி. கொடுமை யாதெனில், வெடிப்பை உண்டாக்கிய அதே பூச்சு, அவ்வெடிப்பை மூடி மறைத்தும் விடுகின்றது. பளபளப்பைக் கண்டு வாங்குபவர், பளபளப்பின் கீழே இருப்பதைக் காண்பதில்லை.

இனி மற்றொரு சாராரிடம் செல்வோம். அவர்கள் கவசத்தைத் தலையில் அணிபவரல்லர். கண்ணாடிப் பேழையில் வைத்துப் பேணும் சேகரிப்பாளர். அவர்களது கணக்கு நேர்மாறானது. விளையாடுபவருக்குக் கீறல் ஒரு குறை. சேகரிப்பாளருக்குக் கீறல் ஒரு சாட்சி. எதிரணியின் கவசம் உராய்ந்ததால் ஒட்டிக்கொண்ட வேற்று நிறத் தடம், தேய்ந்த நாடிப்பட்டி, உள்ளே மங்கிப்போன ஆட்ட இலக்கம் இவையெல்லாம் அக்கவசம் ஆட்டத்தில் நின்றதென்பதை உரைக்கின்றன. ஆட்டத்தின்போது எடுத்த புகைப்படத்திலுள்ள கீறலையும் கையிலுள்ள கவசத்தின் கீறலையும் ஒப்பிட்டு, இன்ன நாளில் இன்னார் அணிந்தது இதுவே என்று நிறுவுவாரும் உளர். அக்கீறலைத் தேய்த்து மெழுகியவர், பேசத்தெரிந்த சாட்சியின் வாயை அடைத்தவர் ஆவார். பழைய நாணயத்தைப் புளியிட்டுத் துலக்கி மினுக்கினால் அதன் மதிப்புக் குறையும் என்பதை நாணயம் சேகரிக்கும் நேயர்கள் அறிவார்கள். இதுவும் அத்தகையதே.

ஆயினும், எல்லாச் செப்பனிடுதலும் மதிப்பைக் கெடுக்கும் என்று ஒரே வார்த்தையிற் கூறிவிடல் ஆகாது. எப்பொழுது, யாரால் செய்யப்பட்டது என்பதே வினா. 1948ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்செல்ஸ் 'றாம்ஸ்' அணியின் வீரர் பிரெட் கெர்க்கி என்பவர், சித்திரம் பயின்றவராதலால், தம் அணியினரின் தோற்கவசங்களிலே ஆட்டுக்கடாவின் கொம்புகளைத் தம் கையாலேயே தீட்டினார். தொழில்முறை அணியொன்றின் கவசத்தில் ஏறிய முதற் சின்னம் அதுவே. மோதலில் வர்ணம் உதிருந்தோறும் அவரே மீண்டும் தீட்டி நிரப்பினார். அவ்வாறு அன்று அவர் கைபட்ட திருத்தம் வரலாற்றின் ஒரு பகுதி. அதே கவசத்தை இன்று ஒருவர் அழகுக்காகப் புதிதாகத் தீட்டுவாராயின், அது வரலாற்றின்மேற் பூசிய திரை. வர்ணம் ஒன்றாயிருக்கலாம், சாட்சியம் ஒன்றன்று.

அவ்வாறே, பருவத்துக்குப் பருவம் தொழிற்சாலையிற் புதுப்பிக்கப்பட்டு, பல ஆண்டுகள் ஆடிய கவசத்தின் உள்ளே அவ்வாண்டுகளைக் குறிக்கும் துண்டுகள் இருக்குமாயின், அவை அதன் வாழ்க்கைக் குறிப்பாகும். ஒருவர் அணிந்த கவசம் அடுத்த பருவத்தில் வேறொருவருக்கு வழங்கப்பட்டதை அத்துண்டுகளிலிருந்து அறிந்துகொள்ளவும் கூடும். அவற்றை உரித்தெறிதல் பெரும்பிழை. இதனின் வேறானது, அணியில் ஒருநாளும் ஆடாத பழைய ஓட்டுக்குப் புகழ்பெற்ற அணியின் நிறத்தைப் பூசி, சின்னத்தை ஒட்டி, ஆட்டத்தில் அணிந்தது எனக் கூறி விற்றல். அது புதுப்பித்தல் அன்று, மோசடி. அலங்காரத்துக்காக ஆக்கியது என்று வெளிப்படக் கூறி விற்பாராயின் அதில் குற்றமில்லை.

நேயர்களே, விளையாடுபவரின் கவசமும் சேகரிப்பாளரின் கவசமும் தத்தம் வழியிற் செல்லும்வரை ஆபத்தில்லை. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்திலேதான் ஆபத்து இருக்கின்றது. பேழைக்கென்று பூச்சுப் பூசி, பழைய துண்டுகளையெல்லாம் உரித்துவிட்ட கவசம் ஒன்று கைமாறிக் கைமாறிப் பழம்பொருட் சந்தைக்கு வருகின்றது. மகனுக்குப் புதுக்கவசம் வாங்க வசதியற்ற ஒரு தாய் அதனைக் காண்கின்றாள். பக்கத்தில், கீறலும் கறையுமாக, ஆனால் முறையாகச் சோதித்து அவ்வாண்டின் துண்டு ஒட்டிய வேறொரு கவசமும் இருக்கின்றது. தாய் எதனை எடுப்பாள்? மினுங்குவதையே எடுக்க அவள் கை நீளும். அந்தக் கையைச் சற்றே நிறுத்தி, கவசத்தின் உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வதற்காகவே இத்துணையும் கூறினேன்.

தாய் மாத்திரமல்ல, தலைசிறந்த வீரரும் இதிலே மயங்குவதுண்டு. 2019ஆம் ஆண்டில் ஓக்லண்ட் 'றைடர்ஸ்' அணியைச் சேர்ந்த அன்ரோனியோ பிறவுண் என்னும் புகழ்பெற்ற வீரர், தாம் பல்லாண்டு அணிந்து பழகிய கவசத்தையே அணிவேன் என்று வாதாடினார். அது பத்தாண்டைக் கடந்தது. ஆகையால் நொக்சியின் சான்றுக்கு உரியதன்று என லீக் மறுத்தது. பிணக்கு நடுவரிடம் சென்றது. தீர்ப்பு வீரருக்கு எதிராயிற்று. உடனே அவர், அதே மாதிரியில் 2010இலோ அதன் பின்னரோ செய்த கவசம் எவரிடமேனும் உண்டாயின் தருக, பதிலுக்குத் தாம் பயிற்சியில் அணிந்த கவசத்தைக் கைச்சாத்திட்டுத் தருவேன் என்று பகிரங்கமாகக் கேட்டார். பேழைக்குரிய கவசத்தைக் கொடுத்துத் தலைக்குரிய கவசத்தை வாங்க முனைந்த பண்டமாற்று அது! அம்மாதிரி பின்னர் லீக்கின் சோதனையிலும் தேறவில்லை. இறுதியில் அவர் வேறு கவசத்தையே அணிய நேர்ந்தது. பழக்கத்தின் மீதுள்ள பற்று எத்துணை வலியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

லீக்கும் இதே காரணத்தால் ஒருகாலத்தில் அழகைத் தியாகம் செய்ததுண்டு. பழங்காலச் சீருடைக்கு ஏற்ற வேற்று நிறக் கவசங்களைச் சில ஆட்டங்களில் அணிவது அணிகளின் வழக்கம். தலைக்குப் பொருந்திப் பழகிய ஒரே கவசத்தை மாற்றுதல் ஆகாது எனக் கருதி, 2013ஆம் ஆண்டில் இரண்டாவது கவசத்தை லீக் தடுத்தது. அத்தடை 2022ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. அது நிலவிய காலத்திற் பல அணிகள் தம் பழைய அழகிய சின்னங்களைக் கைவிட்டன. தலையா, தலைப்பாகையா என்ற வினாவுக்குத் தலையே என விடையளித்த முடிவு அது.

ஆகவே, பழைய கவசம் ஒன்று நம் கைக்கு வரும்போது முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இது தலைக்கா, பேழைக்கா? தலைக்காயின், வயதைப் பாருங்கள். உள்ளே ஒட்டிய துண்டின் ஆண்டைப் பாருங்கள். வடிவமைப்பின் தரத்தை விசாரியுங்கள். அணிபவரின் தலைக்குச் சரியாகப் பொருந்துகின்றதா எனப் பாருங்கள். வேலை தெரிந்தவரன்றி வேறெவரும் அதன்மீது பூச்சுப் பூசவோ, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் மாட்டவோ இடங்கொடாதீர்கள். பேழைக்காயின், உலர்ந்த மெல்லிய துணியால் தூசைத் துடைத்து, வெயிலும் ஈரமும் படாமல் வைத்து, கீறலையும் துண்டுகளையும் இருந்தபடியே விட்டுவிடுங்கள்; செய்த திருத்தம் எதுவாயினும் எழுதி வையுங்கள். பேழைக்கென்று ஒருமுறை தீர்மானித்த கவசம் மறுபடியும் எந்தப் பிள்ளையின் தலைக்கும் ஏறலாகாது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போவது ஒருமுறை நற்பேறு. மறுமுறையும் அவ்வாறே போகவேண்டுமாயின், அந்தத் தலைப்பாகை யார் கையால், எவ்வாறு தைக்கப்பட்டது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.